ஒரு பேப்பர் துண்டு

மக்கா,

சொகமா இருக்கியா? உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன், ஆனா பதில் போட முடியாத அளவுக்கு இங்க ஒரே பாடு. அக்கா மவன் விஷயந்தான். பெங்களூர்ல படிக்கானில்லா, ஹாஸ்டல்ல கூட்டுக்காரனுவ ஸ்டாம்ப் குடுத்துருக்கானுவ, அதான் எல்எஸ்டிங்க போதை மருந்து தடவுன, நெகம் அளவுகூட இல்லாத பேப்பர். ஒரே ஒரு தடவதான்னு சத்தியம் பண்ணுகான், நான் நம்புகேன். அன்னைக்கு பத்து பன்னெண்டு மணி நேரம் செவுரு மூச்சு விடுகுன்னு சொல்லிட்டே இருந்துருக்கான், இப்போ ரெண்டு மாசமாச்சு, இன்னும் ராத்திரி பைக் போனா லைட்டுக்குப் பின்னால வால் மாதிரி வெளிச்சம் இழுக்குன்னு சொல்லுகான்.

அக்கா டாக்டர்ட்ட மொதல்ல கேட்டது, அடிமை ஆயிட்டானாங்கதுதான். அவரு சொன்னாரு, இது சாராயம் மாதிரி அடிமையாக்குக சாமான் இல்ல. பயலும் அதத்தான் நெட்டுல படிச்சுட்டு தைரியமா நாக்குல வச்சிருக்கான்! ஆனா 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமப் பத்தாயிரமாப் பிரிச்சதுல ஒரு பங்கே ஆளப் போதையில தூக்கிரும், ஒரு பேப்பர்ல எவ்வளவு இருக்குன்னு விக்கவனுக்கே தெரியாது. சிலதுல எல்எஸ்டியே இருக்காதாம், என்பாம்னு வேற கெமிக்கல் தடவி விக்கானுவ, அதுல ஆளு செத்தே போயிருக்கு. போலீஸ்ல மாட்டுனா அது தனி, 0.1 கிராமுக்கு மேல இருந்தாலே கொறஞ்சது 10 வருஷம் ஜெயில்.

ஊமத்தங்கா தின்னுட்டு ஒருத்தன் வேட்டி அவுந்தது தெரியாம கோட்டாறு ரோட்டுல நடந்தானே, அது மாதிரியான்னு கேட்டேன். இல்லவாம், அது வேற வெஷம், நெஞ்சையே நிறுத்திரும்னாரு.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டாரு பாரு, குடும்பத்துல யாருக்காவது மனநோய் உண்டான்னு. அக்கா டக்குன்னு "யாருக்கும் கெடையாது"ன்னுட்டா. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு, ரெண்டு நிமிஷம் கழிச்சு சித்தப்பாவப் பத்தி நாந்தான் சொன்னேன். பின்கட்டு ரூம்ல பூட்டி வச்சிருந்தாவளே, நீயும் நானும் ஜன்னல் வழியா பீடி குடுப்போமே. அப்படி ரத்தத்துல இருந்தா இது தூங்குகத எழுப்பி விட்டுரலாம்னு டாக்டர் சொல்லுகாரு, பயல் என் மூஞ்சியவே பாக்கான். "இத எனக்கு யாருமே சொல்லலியே மாமா"ன்னான்.

இப்போ எங்கூடதான் இருக்கான், பயப்படுக மாதிரி இல்ல, கொஞ்சங்கொஞ்சமா கொறையலாம், கஞ்சாகூட தொடப்படாதுன்னு சொல்லியிருக்கு. சாயந்தரம் சொத்தவிளை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன், ஆனா தண்ணியில வெயில் மின்னுகதப் பாக்க மாட்டான், முதுகக் காட்டி உக்காந்துருவான். நீ ஒரு போன் போடு மக்கா, உங்கிட்ட பேசுவான். சித்தப்பா நமக்குப் பழையாத்துல நீச்சல் சொல்லிக் குடுத்ததச் சொல்லு.

அக்கா எங்கிட்ட இன்னும் பேசல.