எச்.ஐ.வி. கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்புக்காக எச்.ஐ.வி. மதிப்பீடுகளைத் தயாரிக்கும் ஆய்வாளர்களுக்கும், அவற்றை வைத்து எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம், எத்தனை ஆள் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் பதினோரு ஆண்டுகள் தமிழ்நாட்டில் ஒரு நெடுஞ்சாலை ஊரில் எச்.ஐ.வி. தடுப்பு வேலை பார்த்தவள். முதல் ஆறு ஆண்டுகள் களப்பணியாளர். பாலியல் தொழில் செய்யும் பெண்களையும் லாரி ஓட்டுநர்களையும் திருநங்கைகளையும் தேடிப் போய்ப் பேசுவது, ஆணுறை கொடுப்பது, பரிசோதனைக்குக் கூட்டிப் போவது என் வேலை. அப்புறம் ஐந்து ஆண்டுகள், மற்றவர்கள் களத்திலிருந்து கொண்டு வரும் தாள்களைக் கூட்டிக் கணினியில் ஏற்றினேன். கல்லூரியில் கணிதம் படித்ததால் அந்த நாற்காலி எனக்கு வந்தது. உங்கள் அறிக்கைகளை முழுதாகப் படிப்பேன். பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் அனுமானங்களையும் விடமாட்டேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் 25 லட்சத்துக்குச் சற்று மேல். வயது வந்தோரில் இது 0.2 சதவீதம். 2010-ஐ விடப் புதிய தொற்று 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இதில் எங்கள் கால்களின் உழைப்பும் இருப்பதால் எனக்கு இது வெறும் செய்தி இல்லை. ஆனால் கூட்டங்களில் இந்த 0.2 எதற்குப் பயன்படுகிறது என்றும் பார்த்திருக்கிறேன். "இவ்வளவு குறைந்துவிட்டதே, இன்னும் இத்தனை களப்பணியாளர்கள் எதற்கு?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த ஆண்டு இரண்டு பணியிடம் போய்விடும்.

ஐந்தாம் கட்டத் தேசியத் திட்டம் 2021 முதல் 2026 வரைக்கானது, 15,471 கோடி ரூபாய். அதற்கு அடுத்த கட்டத்துக்கான எல்லாக் கணக்கிலும் இந்த 0.2 வந்து நிற்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். மலேரியாவுக்கு ரொனால்ட் ராஸ் போட்டுக் காட்டிய வழியில்தான் பால்வினை நோய்க் கணக்குகளும் வளர்ந்தன. தொற்றுள்ள ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் பரவும் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. ஒன்றுக்கு மேல் என்றால் நோய் வளரும், ஒன்றுக்குக் கீழே என்றால் மெல்லத் தேயும். அந்த எண் மூன்று எண்களின் பெருக்கல். ஒரு துணையிடமிருந்து தொற்றும் வாய்ப்பு, துணைகள் மாறும் வேகம், ஒருவர் மற்றவர்களுக்குப் பரப்பக்கூடிய நிலையில் இருக்கும் காலம். ஆணுறை முதல் எண்ணைக் குறைக்கிறது. சிபிலிஸ் மாதிரிப் புண் உண்டாக்கும் நோய்கள் அதே எண்ணைப் பல மடங்கு ஏற்றிவிடும். அதனால் ஒரு பால்வினை நோய்க்கு நேரத்தில் போடும் ஊசியும் எச்.ஐ.வி. தடுப்புதான். மூன்றாவது எண்ணைக் குறைப்பது, உடலில் எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை. தொற்றுள்ளவருக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. அதில் சென்னையிலும் புணேயிலும் இருந்த தம்பதிகளும் பங்கெடுத்தார்கள்.

இரண்டாவது எண்ணில்தான் சராசரி நம்மை ஏமாற்றும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் இருக்கிறார்கள். 95 பேருக்கு ஆண்டுக்கு ஒரே துணை. மீதி ஐந்து பேருக்கு ஆளுக்கு நூறு. சராசரி எடுத்தால் ஒருவருக்கு ஆறு துணை கூட வராது. ஆனால் நோய்க்குச் சராசரி தெரியாது. தொற்றும் வாய்ப்பும், வாங்கியதைக் கொடுக்கும் வாய்ப்பும் அந்த ஐந்து பேரிடமே குவிகின்றன. அதற்கு ஈடுகட்டிக் கணக்கிட்டால், நோயின் கண்ணுக்குத் தெரியும் வேகம் ஆறு இல்லை, கிட்டத்தட்ட 84. சராசரியோடு, விலக்கவர்க்கச் சராசரியை (ஒவ்வொருவரும் சராசரியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கங்களுடைய சராசரி) அதே சராசரியால் வகுத்துக் கூட்டினால் இது வரும். இப்போது அந்த ஐந்து பேரின் சந்திப்புகளில் பாதி முழுப் பாதுகாப்போடு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 84 என்பது 36 சொச்சமாக இறங்கிவிடும். மற்ற 95 பேர் வாழ்க்கையில் எதையுமே மாற்றவில்லை.

எங்கள் திட்டம் முழுக்க இந்த ஒரு கணக்கின் மேல் நிற்கிறது. ஊரெல்லாம் சுவரில் எழுதுவதும் தேவைதான், "புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் எண்ணை இறக்கியது, அந்த ஐந்து பேரின் கதவைத் தட்டத் தெரிந்த ஆட்கள். 0.2 என்பது 95 பேரைப் பற்றிய செய்தி. ஐந்து பேரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மிசோரம் பற்றியும் சொல்லாது. அங்கே வயது வந்தோரில் 2.7 சதவீதம் பேருக்குத் தொற்று இருக்கிறது, போதை ஏற்ற ஒரே ஊசியைப் பலர் பகிர்வது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

2002-இல் அமெரிக்காவின் தேசிய உளவுக் கவுன்சில், 2010-க்குள் இந்தியாவில் 2 கோடி முதல் 2.5 கோடிப் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கும் என்று கணித்தது. அப்படி நடக்கவில்லை. 2006-இல் நம் அரசு சொன்ன எண் 52 லட்சம், ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பு சொன்னது 57 லட்சம். 2007 ஜூலையில் அது ஏறத்தாழ 25 லட்சம் என்று திருத்தப்பட்டது. ஒரே நாளில் பாதி ஆனது. மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வில் வீடு வீடாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது பழைய எண் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

அந்தப் பழைய எண் ஏன் பெரிதானது? அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளின் ரத்த மாதிரியை வைத்துத்தான் பொதுமக்களுக்கான கணக்கைப் போட்டார்கள். அரசு மருத்துவமனைக்கு ஏழைகள் அதிகம் வருவார்கள், அது ஒரு காரணம். இன்னொன்றை ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு வெளியே கொண்டு வந்தது. தனியார் மருத்துவமனைகளில் தொற்று இருக்கிறது அல்லது இருக்கலாம் என்று தெரிந்தவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது. அப்படி விரட்டப்பட்டவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்த இடத்தில் நின்றுகொண்டு எண்ணிவிட்டு, நாடு முழுக்க இப்படித்தான் என்று பெருக்கினோம்.

இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. அப்படி ஒரு பெண்ணை நான் ஆட்டோவில் கூட்டிப் போயிருக்கிறேன். எட்டு மாதம். ஒரு தனியார் மருத்துவமனையில் "இங்கே வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்கள். அதுவரை அதே மருத்துவமனையில் அவளுக்கு எல்லா வசதியும் இருந்தது. அவளைப் போன்றவர்களின் அவமானம் இந்தியாவின் எண்ணுக்குள்ளேயே புகுந்து அதை ஊத வைத்திருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. ஒதுக்குதலைச் சமூகவியலாளர்கள் பேசும் விஷயம் என்று நீங்கள் தள்ளி வைக்க முடியாது. அது உங்கள் தரவுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அளவு தப்பாக இருந்தாலும் போக்கு உண்மையாக இருந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் தொற்று 2000-இல் 1.7 சதவீதமாக இருந்து 2004-இல் 1.1 ஆகக் குறைந்தது என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1994-இலேயே தமிழ்நாடு எய்ட்ஸுக்கென்று தனிச் சங்கம் அமைத்துச் செலவு செய்ததன் பலனும் அதில் இருக்கிறது. எண் திருத்தப்பட்டதும் "அப்போதே பயமுறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லையே" என்று பேசியவர்கள் இதைப் படிக்கவில்லை.

சரி, அன்றைக்கு ஒதுக்குதல் எண்ணைப் பெரிதாக்கியது. இன்றைக்கு என்ன செய்கிறது? என் அனுபவத்தில், மறைக்கிறது. முன்பு பேருந்து நிலையத்துக்குப் பின்னால், லாரிப் பேட்டையில், இன்ன டீக்கடை ஓரத்தில் என்று எங்களிடம் ஹாட்ஸ்பாட் பட்டியல் இருக்கும். மாலை ஏழு மணிக்குப் போனால் ஆட்கள் இருப்பார்கள். கைப்பேசி வந்த பிறகு அந்த இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஆட்கள் எங்கும் போய்விடவில்லை. செயலிகளிலும் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறார்கள். எங்கள் பட்டியலில் பெயர் குறைந்ததை நீங்கள் ஆபத்து குறைந்ததாகப் படிக்கக் கூடாது. ஒரு மையத்தில் அடையாள அட்டை நகல் கேட்டதுமே படியிறங்கிப் போன இளைஞர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் உங்கள் கணக்கின் எந்தக் கட்டத்திலும் இல்லை.

இன்னொரு சம்பவம். நான் பார்த்துக்கொண்ட ஒரு அக்காவிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கடந்த மாதத்தில் எத்தனை முறை ஆணுறை பயன்படுத்தினீர்கள்? இரண்டு ஆண்டுகளாக அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "எல்லா முறையும்மா." நானும் அப்படியே எழுதினேன். ஒரு ஜூன் மாதம் அவர் மகளின் பள்ளிச் சேர்க்கைக்கு அலைந்தபோது நான் கூடப் போனேன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் சேர்ந்து யோசித்தோம். அடுத்த முறை அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "வெளி ஆளுக்கு எல்லா முறையும். ஆனா அவரு வந்தா போடறதில்லம்மா, அவரு என் வீட்டுக்காரர் மாதிரி" என்றார். நாலு வருடமாக வந்து போகும் ஒரு ஓட்டுநர். அவருக்கு ஊரில் மனைவி உண்டு.

அந்த மாதம் என் தாளில் அந்த அக்காவின் ஆணுறைப் பயன்பாடு நூறிலிருந்து எழுபதாக இறங்கியது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. உங்கள் கணித மாதிரியில் அது ஆபத்து கூடியதாகத்தான் தெரியும். நடந்தது நேர்மாறு. இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக எனக்கு ஓர் உண்மை கிடைத்தது. அதற்கப்புறம்தான் அந்த ஓட்டுநரைப் பரிசோதனைக்கு வரவழைக்க முடிந்தது, அவர் மூலமாக அவர் மனைவியையும். பொய்யான நூறை விட அந்த எழுபதுக்குத்தான் தடுக்கும் சக்தி இருந்தது. ஆனால் இலக்கைத் தொடாத எண்ணுக்குத் திட்டுக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு, எந்தக் களப்பணியாளர் எழுபது என்று எழுதுவார்?

அதனால் உங்களிடம் கேட்கிறேன். களத்திலிருந்து வரும் எண்ணை, அந்த எண்ணைக் கொண்டு வந்தவருக்குத் தண்டனையாக்காதீர்கள். ஓரிடத்தில் பாதுகாப்பு குறைந்ததாகத் தாள் சொன்னால், முதலில் அங்கே ஆள் மாறினாரா, புதிதாக யாராவது பேச ஆரம்பித்தார்களா என்று கேளுங்கள். மாவட்டத்துக்கு ஒற்றை எண்ணாக அனுப்பாமல், நீங்கள் கணக்கிடும் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் சேர்த்தே அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் அந்த இரண்டு எல்லையையும் பார்த்தவர்கள் இவ்வளவு நிம்மதியாகப் பணியிடத்தை வெட்ட மாட்டார்கள்.

பணியிடத்தைக் குறைக்கும் முன்பு, குறைத்தால் பத்து ஆண்டுகளில் என்ன ஆகும் என்று உங்கள் கணித மாதிரியை ஓட்டிப் பார்த்து அதையும் வெளியிடுங்கள். இதைச் செய்யக்கூடிய கருவி உங்கள் கையில் இருக்கிறது. இன்றைய 0.2, இன்றைய களப்பணி நடக்கும்போது வரும் எண். களப்பணியை எடுத்துவிட்டால் அந்த எண்ணும் அப்படியே நிற்கும் என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை. தொற்று மெதுவாக ஏறும். ஒருவருக்குத் தொற்றி நோயாக வெளியே தெரிய எட்டு, பத்து ஆண்டுகள் கூட ஆகலாம். வெட்டியவர் அதற்குள் வேறு துறைக்குப் போயிருப்பார்.

பெயரைக் காப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் ஒப்புதல் இல்லாமல் பரிசோதிப்பதையும், ஒருவரின் நிலையை வெளியே சொல்வதையும் தடுக்கிறது. இதைச் சட்டக் கடமையாக மட்டும் பார்க்காமல், உங்கள் தரவின் தரத்துக்கான நிபந்தனையாகவும் பாருங்கள். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். வேலூரில் சோதிக்கப்பட்ட அந்த ரத்தம், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் கைகளிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த நாட்டுக்குத் தெரிய வேண்டிய முதல் தகவலை அந்தப் பெண்கள்தான் கொடுத்தார்கள். அவர்களில் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை உங்கள் கணக்கு ஓடுவது அவர்களைப் போன்றவர்கள் கையை நீட்டுவதால்தான்.

தமிழ்நாட்டில் பரிசோதனை நிலையத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் யாரோ, களம் தெரிந்தவர்.

அடுத்த மதிப்பீட்டை முடிப்பதற்குள் உங்களில் இரண்டு பேராவது எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக் குழுவாக, காரில், பகல் பதினோரு மணிக்கு வேண்டாம். அந்த நேரத்தில் எங்கள் பதிவேடுகளைத்தான் பார்ப்பீர்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் வாருங்கள், பேருந்தில். நான் சொன்ன அந்த அக்கா இப்போது இதே திட்டத்தில், தன்னைப் போன்ற பெண்களுக்கு எடுத்துச் சொல்லும் சகக் கல்வியாளராக இருக்கிறார். புதிதாக வந்த பெண்களிடம் அவர் எப்படிக் கேள்வி கேட்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவரிடம் கேட்டுவிட்டேன், வரலாம் என்று சொன்னார்.

அன்புடன்,
ஒரு முன்னாள் களப்பணியாளர்