தள்ளுவண்டிக்காரர் செய்தது கபளீகரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் சாலையோரக் கடைகள் அகற்றப்பட்டதைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், தள்ளுவண்டிக்காரர்கள் ‘சாலையைக் கபளீகரம் செய்திருந்தனர்’ என்று எழுதப்பட்டிருந்தது. பத்திரம் எழுதும் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு அச்சொல் உறுத்தியது.

கபளம் என்னும் வடசொல் வாயளவு உணவைக் குறிப்பது; அதன்வழி வந்த கபளீகரம், ஒரே வாயாக விழுங்கிவிடுவது. நாம் அறிந்த கவளமும் இதற்கு உறவுதான். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் புகுந்தாலோ அதன் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவது மிகுதி என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் வரி வாங்கும் முறையை உணர்த்துவது புறநானூற்றின் 184ஆம் பாடல். அங்கே அளவோடு பெறுவதற்குச் சொல்லப்பட்ட கவளத்தின் உறவுச்சொல், இன்று அளவின்றி விழுங்குவதற்குப் பெயராகியிருப்பது வேடிக்கைதான். பேச்சிலும் ‘முழுங்கிட்டான்’, ‘ஏப்பம் விட்டுட்டான்’ என்றே சொல்கிறோம். பொருள் உரியவருக்குத் திரும்பாதபடி வயிற்றுக்குள் போய்விட்டது என்பதே அதன் கருத்து.

தள்ளுவண்டியை நகர்த்தினால் சாலை அங்கேயே இருக்கிறது. வண்டிக்காரர் அதற்குப் பட்டா கேட்கவும் இல்லை. அது ஆக்கிரமிப்பு. எங்கள் தெரு மூதாட்டி ஒருவர், மகள் திருமணத்துக்காக மனையை விற்க நினைத்து வில்லங்கச் சான்று எடுத்தபோது, போலிப் பவர் பத்திரம் ஒன்றினால் அம்மனை ஏற்கெனவே மூன்று கை மாறியிருந்தது தெரிந்தது. கபளீகரம் என்பதும் அபகரிப்பு என்பதும் அதற்குத் தகும். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதோ சட்டத்தின் மொழியில் கையகப்படுத்துதல். இழப்பீடு போதாதென்று நிலம் இழந்தவர்கள் அதைப் பறிப்பு என்றால், அச்சொல்லை அவர்கள் கூற்றாகவே தரலாம்.

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. நில அபகரிப்பு வழக்குகளுக்கெனச் சிறப்பு நீதிமன்றங்கள் அமைத்த தமிழக அரசின் ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் ரத்து செய்தபோது, நில அபகரிப்பு எது என்பதற்கு அவற்றில் வரையறை இல்லாதது முக்கியமான குறையாகக் காட்டப்பட்டது.

எனவே அடுத்த முறை தள்ளுவண்டிகளைப் பற்றி எழுதும்போது ஆக்கிரமிப்பு என்றே எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.