செய்யாத ரீசெட்டுக்கு ஒரு டிக், செய்த ரீசெட்டுக்கு 590 ரூபாய்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சர்வீஸ் முடிந்தும், அடுத்த சர்வீஸை நினைவூட்டும் ரிமைண்டர் லைட்டை ரீசெட் செய்யாதது (அதன் கணக்கைப் புதிதாகத் தொடங்காதது), அதற்கே பிறகு பணம் வாங்கியது குறித்து.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் பெட்ரோல் கார் ஒன்றை மூன்று வருடமாக ஓட்டி வருகிறேன். வெளி மெக்கானிக் யாரும் இன்றுவரை அதில் கை வைத்ததில்லை. சென்ற மாதம் 4ஆம் தேதி மதுரையிலுள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். அப்போது 29,200 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஊர்ப் பயணம் இருந்ததால் கொஞ்சம் முன்கூட்டியே விட்டேன். ஆயில், ஃபில்டர் மாற்றினார்கள். நானும் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து, திருநெல்வேலியிலிருந்து அம்மாவோடு திரும்பும்போது, சாத்தூர் தாண்டி மீட்டரில் மஞ்சள் ஸ்பேனர் படம் எரிந்தது. ஓரங்கட்டிவிட்டு உங்கள் சர்வீஸ் அட்வைசருக்கு போன் போட்டேன். என்ன லைட், என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஓட்டாதீங்க சார், எஞ்சின் சீஸ் ஆயிடும், டோ பண்ணிக்கங்க" என்றார். ராத்திரி எட்டரை மணிக்கு, முட்டிவலிக்காரி அம்மாவை வைத்துக்கொண்டு நான்கு வழிச்சாலை ஓரத்தில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். ரெக்கவரி வண்டி ஓட்டி வந்த தம்பி மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, இது சர்வீஸ் லைட்டுண்ணே. செவப்பா எண்ணெய்க் கேன் மாதிரி எரிஞ்சா உடனே நிறுத்தணும்." வந்த கூலி 1,500 மட்டும் வாங்கிக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது உங்கள் அட்வைசருக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். முந்தின சர்வீஸ் 20,140 கிலோமீட்டரில். லைட் எரிந்தது 30,140இல். சரியாக 10,000, அதாவது என் வண்டிக்கு இரண்டு ஆயில் மாற்றத்துக்கு நடுவே உள்ள தூரம். இந்த லைட் ஆயிலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து ஓடிய தூரத்தை எண்ணும், அவ்வளவுதான். அப்படியென்றால் 29,200இல் சர்வீஸ் செய்தவர்கள் ரீசெட் செய்யவே இல்லை. ஆனால் செய்த வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'சர்வீஸ் ரிமைண்டர் ரீசெட்' என்ற வரிக்கு நேரே பேனாவால் அழகாக டிக் போட்டிருக்கிறது.

அந்த டிக்தான் என்னை உறுத்துகிறது. பிரேக் பேட் பார்த்ததாக, கூலன்ட் பார்த்ததாக அதே பேனா போட்ட மற்ற டிக்குகளை எப்படி நம்புவது? ஆயில் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. ஆகவே ஆயில் மாற்றியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

மறுநாள் வண்டியைக் கொண்டுபோனேன், 30,310 கிலோமீட்டர். "ஸ்கேனர் போட்டு எரர் எடுக்கணும் சார்" என்றார்கள். சில வண்டிகளில், கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கருவி இல்லாமல் இந்த லைட் அணையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் உட்கார்ந்தார், ட்ரிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சாவியைத் திருப்பினார், பத்து நொடியில் லைட் போய்விட்டது. ஸ்கேனர் மேஜையை விட்டு நகரவில்லை. பில்லில் 'ஸ்கேனிங், எரர் நீக்கம்' 500, ஜிஎஸ்டி 90. வண்டியோடு வந்த கையேட்டிலும் இதே பட்டன் முறைதான் போட்டிருக்கிறது. முன்பே புரட்டிப் பார்க்காதது என் தப்பு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணக்கு இப்போது 30,310இலிருந்து ஓடுகிறது. அடுத்த ஆயில் மாற்ற வேண்டியது 39,200இல். லைட் எரியப்போவதோ 40,310இல். அதை நம்பினால் 1,110 கிலோமீட்டர் பழைய ஆயிலிலேயே ஓட்டுவேன்.

590 ரூபாயையும் ரெக்கவரிக்குக் கொடுத்த 1,500 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். என் வண்டியின் சர்வீஸ் வரலாற்றில் ஏறியிருக்கும் 'எரர்' பதிவை நீக்க வேண்டும். நாளை வண்டியை விற்கும்போது இல்லாத கோளாறுக்கு நான் பதில் சொல்ல முடியாது. அடுத்த சர்வீஸ் 39,200இல் என்று எழுத்தில் தர வேண்டும். ஜாப் கார்டில் டிக் போட்டவர் வண்டியை மறுபடி என் கண்ணெதிரே, காசு வாங்காமல், வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மூன்று சர்வீஸ் பில்கள், ஜாப் கார்டு நகல், ரெக்கவரி ரசீது, லைட் எரியும்போது கிலோமீட்டர் தெரிய எடுத்த போட்டோ.