படம் வரைந்த பிள்ளைகளுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் குடற்புழு பற்றி வரைந்த படங்கள் காலண்டராக அச்சாகி, லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அதற்குக் கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் தமிழ்வழிப் பள்ளியின் சார்பில் இந்த மடல். மேடை போட்டுச் சால்வை போர்த்தலாம் என்று சிலர் சொன்னார்கள். சால்வைக் காசில் இன்னும் கொஞ்சம் காலண்டர் அடிக்கலாம் என்பது என் கணக்கு. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி, கோட்டயத்தில் ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் எங்கள் பழைய மாணவிக்கு. விடுமுறைக்கு லயத்துக்கு வந்தவள், வகுப்பில் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஸ்லைடுகளை அனுமதி கேட்டு எடுத்து வந்திருந்தாள். பள்ளி அலமாரியில் தூசி படிந்து கிடந்த நுண்ணோக்கியைத் துடைத்து, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் காட்டினாள். அதுவரை அவர்கள் வரைந்ததெல்லாம் சுவரொட்டியைப் பார்த்து வரைந்தவை. சிரிக்கிற சோப்பு, கண்ணும் மீசையும் வைத்த புழு, எந்நேரமும் தண்ணீர் கொட்டுகிற குழாய். எங்கள் லயத்துக் குழாயில் அப்படித் தண்ணீர் கொட்டி நான் பார்த்ததில்லை. ஸ்லைடைப் பார்த்த அன்றைக்கே மீசை போய்விட்டது. உருளைப்புழு முட்டையின் பழுப்பு நிற மேடுபள்ளத் தோலை வரைந்தார்கள். கொக்கிப்புழு முட்டையின் மெல்லிய மேலோட்டையும் அதற்குள் பிரிந்து நிற்கும் செல்களையும் வரைந்தார்கள். இரு முனையிலும் அடைப்பு வைத்த சாட்டைப்புழு முட்டையைப் பார்த்துவிட்டு, "மத்தளம், டீச்சர்!" என்று கத்தினான் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன். என் பாடக்குறிப்பில் இப்போது அந்த வருணனைதான் இருக்கிறது.

அடுத்து, குடும்பாரோக்கிய மையத்திலிருந்து வந்த சுகாதார ஆய்வாளருக்கு. அவர் சேர்த்தலைக்காரர், யானைக்கால் நோயை அக்கம்பக்கத்து வீடுகளில் பார்த்தபடி வளர்ந்தவர். சந்தையில் கற்ற தமிழில் அவர் கதை சொன்னால், எனக்கு அடங்காத ஏழாம் வகுப்பு அப்படியே அடங்கிவிடும். எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த லூஸ் என்ற ஜெர்மானியரின் கையில் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீர் தவறிச் சிந்தியது, சற்று நேரத்தில் அந்த இடம் அரித்தது, பிறகு அவர் மலத்திலேயே புழு முட்டைகள் தென்பட்டன, இந்தப் புழு தோலைத் துளைத்தே உடம்புக்குள் போகிறது என்று 1898-இல் அவர் எழுதினார் என்பதை நடித்தே காட்டினார். அதைவிட எங்களுக்கு நெருக்கமான கதை அசாமுடையது. அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில் காலில் வருகிற அரிப்புப் புண்ணுக்கும் கொக்கிப்புழுவுக்கும் தொடர்பு உண்டு என்று பென்ட்லி என்ற மருத்துவர் 1902-இல் காட்டினார். அதே செடி, அதே மழை, அதே வெறுங்கால். "எங்க அம்மா காலிலும் அப்படித்தான் அரிக்கும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

காலண்டரின் ஜூன் மாதப் படம் அந்தக் குரலுக்கு உரிய ஏழாம் வகுப்புச் சிறுமி வரைந்தது. தாளை நிறைத்துக்கொண்டு ஒரு கால். மழைச் சேறு படிந்த, வெடிப்பு விழுந்த, கொழுந்து எடுக்கப் போகிற ஒரு பெண்ணின் கால். கணுக்காலில் இரத்தம் குடித்து உப்பிய அட்டை. விரலிடுக்கில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, முடியளவுக் கோடு ஒன்று. கீழே எழுதியிருந்தாள்: "அட்டையை அம்மா பார்த்துவிட்டாள். உப்புப் போட்டாள். இதைப் பார்க்கவில்லை." அந்தக் கோடுதான் கொக்கிப்புழுவின் இளம்புழு. அதிலிருந்து சிவப்பு அம்புக்குறி கிளம்பி, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு இறங்குகிறது. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள புழு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சில சொட்டுக்கு மேல் இருக்காது. நூற்றுக்கணக்கில் சேர்ந்து மாதக்கணக்கில் குடித்தால் ஆள் வெளுத்துப்போகிறாள், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. தோட்டத்தில் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பவர்கள் உண்டு. அந்தப் பெயரை வைத்தவர்கள் இந்த ஜூன் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கட்டும்.

அந்தச் சிறுமியின் தாய்க்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தன் காலை மகள் வரைந்து ஊர் பார்க்க ஒட்டுவதற்கு எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? செருப்புப் போட்டால் ஈரச் சரிவில் வழுக்குகிறது, அதனால்தான் வெறுங்கால் என்றும் அவர் சொன்னார். செருப்புப் போடு என்று எழுதுவது எளிது. எந்தச் செருப்பு என்று எழுத வேண்டும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். படத்தின் ஓரத்தில் வார் வைத்த ரப்பர் பூட்ஸ் வந்தது அதனால்தான்.

கோபித்துக்கொண்டு பள்ளிக்கு வந்த ஒரு தந்தைக்கும் நன்றி. லயத்துக்குப் பின்னால் புதர் மறைவில் ஒருவர் உட்கார்ந்திருப்பதை மகன் வரைந்திருந்தான். "எங்கள் மானத்தை வாங்கவா பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு அவரே, கழிப்பறைக்குக் கதவில்லை, கதவிருந்தால் தண்ணீர் இல்லை, அதை ஏன் வரையவில்லை என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் படம் இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் கதவு பெயர்ந்த கழிப்பறை, வலப்பக்கம் புதர், நடுவே, மலத்தோடு மண்ணில் விழுந்த முட்டையிலிருந்து இரண்டு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கத் தயாராகும் கொக்கிப்புழு. நிழலும் ஈரமும் இருந்தால் அது மூன்று நான்கு வாரம் மண்ணில் காத்துக் கிடக்கும். தேயிலைக் காட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. படத்தைப் பார்த்த பிறகு சில கதவுகள் மாட்டப்பட்டன. தண்ணீர் இன்னும் வரவில்லை. கதவுக்கு நன்றி சொல்கிறேன். தண்ணீர் வந்ததும் அதற்கும் சொல்வேன்.

லயத்துப் பாட்டிமாரை விட்டுவிட முடியாது. இனிப்புத் தின்றால் பூச்சி வரும், இரவில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி, வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடு என்று மூன்று தலைமுறைப் பாடம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதிரசத்தின் மேல் பெருக்கல் குறி போட்டு வரைந்ததும் அதனால்தான். சுகாதார ஆய்வாளர் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மண்ணில் விழுந்த உருளைப்புழு முட்டை சில வாரத்தில் நோய் பரப்பும் பக்குவத்துக்கு வரும், மண்ணைத் தொட்ட கையைக் கழுவாமல் எதைத் தின்றாலும் அது கூடவே உள்ளே போகும், அதிரசமானாலும் கேப்பைக் களியானாலும் ஒன்றுதான் என்று விளக்கினார். ஒரு பாட்டி கேட்டுவிட்டு, "அப்படியானால் அதிரசத்தை விடு, நகத்தை வெட்டு" என்று பேரனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அதுவும் ஒரு படமாக இருக்கிறது, நவம்பரில். கீரிப்பூச்சியின் முட்டையும் நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் நகவெட்டியைப் பெரிதாகவே வரைந்திருக்கிறான் அந்தப் பேரன்.

பிப்ரவரிப் பக்கம் மாத்திரைக்கு. 2015-இல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள் அந்த மாதம் 10-ஆம் தேதி என்பதால் அங்கே வைத்தோம். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்ன வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி. மாத்திரையைப் பயந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடும் தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பேசிய ஆஷா பணியாளர்களுக்கும், மதியச் சோறு தின்ற பின்னரே மாத்திரை என்பதைக் காவல் காத்த எங்கள் சமையல் அம்மாவுக்கும் நன்றி. புழு அதிகமிருந்தால் மாத்திரைக்குப் பின் வயிறு சற்று வலிக்கும், குமட்டும், பயப்பட வேண்டாம் என்று படத்திலேயே எழுதச் சொன்னவர் அந்த ஆஷா பணியாளர்களில் ஒருவர்தான். ஒரே வேளை மாத்திரைக்குச் சாட்டைப்புழு அவ்வளவாக மசியாது என்பதையும், மண் அசுத்தமாகவே இருந்தால் போன புழு திரும்பி வரும் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். மாத்திரை கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அது பிடிக்காமல் போகலாம்.

பரிசுக்கென்று பணம் தந்த பழைய மாணவர், பரிசே வேண்டாம் என்று நாங்கள் சொன்னபோது மனம் கோணவில்லை. போட்டி வைத்தால் பிள்ளைகள் நடுவருக்காக வரைவார்கள், மீசை வைத்த புழு திரும்ப வந்துவிடும். அந்தப் பணம் நகவெட்டியாகவும் சோப்பாகவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போனது. கொழுந்து எடை போடும் கொட்டகையில் படங்களைத் தொங்கவிட இடம் தந்த தொழிற்சங்கத் தோழர்களுக்கும் நன்றி. எடைக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பார்க்க வேறெதுவும் இல்லை என்பது அவர்கள் கண்டுபிடித்த யோசனை. கம்பத்து அச்சகக்காரர் வண்ணக் கூலியில் பாதியை விட்டுக்கொடுத்தார்; குமுளி மலைப்பாதையில் கட்டுகளைத் தன் ஜீப்பில் ஏற்றி வந்த ஓட்டுநர் டீசலுக்குக்கூட வாங்கவில்லை. அச்சகத்தின் விளம்பரம் டிசம்பர் பக்கத்தில், புழுவுக்கு மிக அருகில் வந்துவிட்டது. அவர் அதற்கும் சிரித்துவிட்டார்.

மூலப் படங்கள் வரைந்தவர்களிடமே திரும்பப் போகின்றன. காலண்டரில் கொஞ்சம் மீதம் இருக்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் வந்துபோகும் போடி, கம்பம் பக்கத்துப் பெண்களில் யாருக்கு வேண்டுமானாலும் பள்ளியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம், ஆணி மட்டும் உங்களுடையது.

நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை,
வண்டிப்பெரியாறு