சீர் கொண்டு வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும்

ஊர்ப் பெரியவங்க, தாய்மாருங்க, பழைய மாணவருங்க, தேங்காய்க் களத்து அண்ணன்மாருங்க எல்லாருக்கும் வணக்கமுங்க.

பங்குனியில நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கல்விச் சீர் எடுத்து, அதாவது ஊரே ஊர்வலமாப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய சாமானைக் குடுத்து முடிஞ்சதும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்ங்கற முறையில மைக்கைப் பிடிச்சு “எல்லாருக்கும் நன்றி”ன்னு ஒரே பேச்சுல சொல்லிட்டு எறங்கிட்டேன். வெயில் அப்படி. பந்தியில சோறும் ஆறிட்டிருந்துச்சு. ஆனா யாருக்கு, எதுக்குன்னு சொல்லாத நன்றி மொய் நோட்டுல ஏறாத மொய் மாதிரி. அதான் இந்த மடல். பேர் போட வேண்டாம்னு நெறையப் பேரு கேட்டுக்கிட்டீங்க. அதனால ஆளை அவங்க செஞ்ச வேலையை வெச்சே சொல்றேன். ஊருக்குள்ள யாருன்னு எல்லாத்துக்கும் தெரியும்.

வெளியூர்ல இருந்து படிக்கறவங்களுக்காக ரெண்டு வரி. முத்தூர் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் முடியற கடைமடை எங்க ஊரு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். காலையில ரோட்டுல நின்னீங்கன்னா மஞ்சள் வேன் வரிசையாப் போகும், நம்ம பிள்ளைங்களையே ஏத்திக்கிட்டு. அந்த வேனுக்கு நடுவுலதான் இந்தப் பள்ளிக்கூடம் நடக்குது.

முதல் நன்றி அந்த ரெண்டு டீச்சருக்கும். 2007 வாக்குல தமிழ்நாடு பூரா செயல்வழிக் கற்றல் வந்தப்ப, குழந்தைங்க உக்காந்து எழுதற உயரத்துல சுவரோரமாக் கரும்பலகை வெச்சாங்க, தலைக்கு மேல கம்பிப் பந்தல் கட்டினாங்க. பொறவு திட்டம் மாறுச்சு. 2022ல எண்ணும் எழுத்தும் வந்துச்சு. இப்ப அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்களைப் பிரிச்சுச் சொல்லித் தர்றாங்க. எத்தனை மாறினாலும் எங்க பெரிய டீச்சர் அந்தக் கம்பியை மட்டும் கழட்ட விடல. இன்னைக்கும் பிள்ளைங்க வரையறது, எழுதறது, ஒட்டறது எல்லாம் க்ளிப் மாட்டி அதுலதான் தொங்கும். நல்லா வரைஞ்சது, கோணலா வரைஞ்சதுன்னு பிரிவினை கெடையாது. முதல் ரேங்க், ரெண்டாம் ரேங்க்னு மைக்குல படிக்கறதும் இங்க இல்ல. “அப்பறம் எப்படிங்க போட்டி போட்டுப் படிப்பாங்க”ன்னு கேக்கறவங்க இன்னமும் இருக்காங்க. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல ஒருக்கா வந்து வேப்ப மரத்தடியில உக்காந்து பாருங்க.

அது பிள்ளைங்களோட கூட்டம். வட்டமா உக்காருவாங்க, டீச்சரும் தரையிலதான். நொய்யல்ல பொறுக்கிட்டு வந்த ஒரு கூழாங்கல்லு சுத்தி வரும். கல்லு யார் கையில இருக்குதோ அவங்க மட்டுந்தான் பேசணும். ஒண்ணாவது பிள்ளை கல்லை வாங்கிக்கிட்டு ஒண்ணும் பேசாம அதையே உருட்டிப் பாத்துட்டு உக்காந்திருந்தாலும் அத்தனை பேரும் காத்திருப்பாங்க. பென்சில் திருட்டு, பந்து கிழிஞ்சது, பைப்பை யார் மூடாம வந்ததுன்னு எல்லா வழக்கும் அங்கதான். பெரியவங்க கூட்டத்துக்கும் அந்தக் கல்லை ஒரு நாள் கடன் கேக்கலாம்னு எனக்கு ஒரு ரோசனை. ஊர்ப் பஞ்சாயத்துல நடக்கறதைப் பாத்தவங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டியதில்ல.

தூரிக்கு, அதான் ஊஞ்சலுக்கு, நன்றி சொல்லணும். ஆடிப் பதினெட்டுக்குத் தூரி கட்டறது நமக்கு வழக்கம். எங்க பள்ளிக்கூடத்துல மட்டும் ஆனி ஒண்ணாந் தேதியே கட்டிருவோம். காரணம், களத்துல கொப்பரை வேலைக்கு வந்திருக்கற ஒடிசாக் குடும்பத்து அக்கா ஒருத்தர். அவங்க ஊர்ல ஆனி பொறக்கற சமயத்துல மூணு நாளு ரஜோ பண்டிகையாம். பொம்பளப் பிள்ளைங்க தூரி ஆடற பண்டிகை. பூமித்தாய்க்கு ஓய்வுன்னு அந்த மூணு நாளும் நெலத்துல ஏர் பூட்ட மாட்டாங்களாம். பள்ளிக்கூடம் தொறந்த புதுசுல மக அழுதுக்கிட்டே இருக்கறாளேன்னு வந்து, பாதித் தமிழ்லயும் பாதி சைகையிலயும் இதைச் சொன்னாங்க. அன்னைக்குச் சாயந்திரமே பால்காரத் தம்பி வண்டிக் கயிறு கொண்டாந்து புளியமரத்துல கட்டிட்டாரு. அந்த அக்கா அரிசி மாவும் வெல்லமும் தேங்காயும் சேத்துத் தணல்ல வேக வெச்ச ‘போட பிட்டா’ங்கற பலகாரத்தைத் துண்டு போட்டுக் கொண்டாந்து குடுத்தாங்க. இப்ப ஆனி ஒண்ணுல இருந்து ஆடிப் பதினெட்டு வரைக்கும் தூரி எறங்கறதே இல்ல. அக்காவுக்கும், தம்பிக்கும், அந்தப் புளியமரத்தை ஏலம் போடாம விட்டு வெச்ச ஊராட்சிக்கும் நன்றிங்க.

அடுத்தது ஆடி ஒண்ணு. தேங்காய் சுடற நோம்பி. கரூர், ஈரோடு, நாமக்கல், சேலம்னு காவிரிக்கரைச் சனங்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆனா வீட்டுல கேஸ் அடுப்பு வந்த பொறவு எத்தனை வீட்டுல சுட்டாங்கன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. எங்க பள்ளிக்கூடத்துல அஞ்சாவது பிள்ளைங்கதான் அதுக்குப் பொறுப்பு. முதல்ல தேங்காயை நார் போகச் சிமெண்ட் தரையில தேய்க்கணும். மழமழன்னு ஆகற வரைக்கும் தேய்ச்சாத்தான் வெடிக்காம சுடும்னு அம்மிச்சிங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. பொறவு ஒரு கண்ணைத் துளைச்சுத் தண்ணியை டம்ளர்ல வடிச்சு, பச்சரிசி, பாசிப்பருப்பு, எள்ளு, பொட்டுக்கடலை, நுணுக்கின வெல்லம் எல்லாத்தையும் பென்சில் முனையால தட்டித் தட்டி உள்ள எறக்கணும். வடிச்ச தண்ணியில கொஞ்சம் திரும்ப ஊத்தி, அழிஞ்சிக் குச்சியைச் சீவி அந்தக் கண்ணுல அடிச்சு, மஞ்சள் பூசி, தீயில காட்டணும். ஓடு கருகிக் கீறல் விட்டு, வெல்ல வாசம் வரும்போது எடுத்தாப் பதம். ஒரு வருசம் நாலாவது பையன் ஒருத்தன் அதைக் கணக்கு நோட்டுல குறிச்சு வெச்சான்: எந்தத் தேங்காய் எத்தனை நிமிசம், எதுல எவ்வளவு தண்ணி. டீச்சர் அந்தத் தாளைக் கம்பியில தொங்க விட்டாங்க. தேங்காயைக் களத்துல இருந்து வருசா வருசம் விலையில்லாமக் குடுக்கற முதலாளிக்கும், அழிஞ்சி மரம் தேடிக் காடு காடாச் சுத்தி வர்ற ஆடு மேய்க்கற பாட்டையாவுக்கும் நன்றி. அந்தக் குச்சி மட்டும் கடையில கெடைக்காதுங்க.

பாட்டையா குச்சியோட நிக்கறதில்ல. ஆடு மாடு மேயற கொறங்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கொழுக்கட்டைப் புல்லு எது, வெள்வேல மரத்துக் காய் ஆட்டுக்கு எப்ப ஆகும்னு பிள்ளைங்களுக்குக் காட்டுவாரு. கேள்வி கேட்டா ஒடனே பதில் சொல்ல மாட்டாரு, “நீயே பாரு கண்ணு”ம்பாரு. பி.எட். படிக்காத வாத்தியாரு.

பவானிசாகர்ல ஆகஸ்டு 15 வாக்குல தண்ணி தொறந்தா, கடைமடைக்கு வந்து சேர நாளாகும். தண்ணி வருதுன்னு சேதி வந்ததும் பள்ளிக்கூடம் மொத்தமும் வாய்க்கால் மேட்டுக்கு நடந்து போய் வரவேற்கறது இன்னொரு வழக்கம். வழியெல்லாம் கும்மிப் பாட்டு. கூடவே நடந்து வந்து கரையோரம் காவல் நின்ன லஸ்கர் அண்ணனுக்கு, அதான் வாய்க்கால்ல தண்ணி பாத்து விடற அண்ணனுக்கு நன்றி.

இதெல்லாம் புது மாதிரிப் படிப்புன்னு நாங்க பெருமையாப் பேசிட்டிருந்தப்ப, எழுபத்தெட்டு வயசு ஐயா ஒருத்தர் சிரிச்சாரு. “தக்ளி சுத்திக்கிட்டே வாய்ப்பாடு சொன்னவங்கம்மிணி நாங்க”ன்னாரு. தக்ளின்னா கையால நூல் நூக்கற சின்னக் கதிரு. அவரு படிச்சது ஆதாரப் பள்ளியில. கையால ஒரு தொழிலைச் செஞ்சுக்கிட்டே படிக்கணும்னு 1937ல வார்தாவுல காந்தி முன்வெச்ச கல்வி. நம்ம கோயமுத்தூர்ச் சீமைக்கு அது நல்லாவே தெரியும். அவினாசிலிங்கம் ஐயா 1930ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ண வித்யாலயத்துக்குப் பெரியநாயக்கன்பாளையத்துல காந்தியே 1934ல வந்து அடிக்கல் நாட்டியிருக்காரு. நம்ம ஐயா இப்ப செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை வந்து பிள்ளைங்களுக்குப் பஞ்சு நூத்துக் காட்டறாரு. நூல் அறுந்துக்கிட்டே இருக்குது, பிள்ளைங்க விடறதாக் காணோம். ஐயாவுக்கு நன்றி. பஞ்சு குடுத்துட்டு இருக்கற மில்லுக்கார அண்ணனுக்கும்.

இனிச் சீருக்கு வர்றேன். பள்ளிக்கூடத்துக்குச் சீர் எடுக்கறது கொஞ்ச வருசமாத் தமிழ்நாட்டுல பல ஊர்ல நடக்கறதுதான். நாம எடுக்கறதுன்னதும் முதல் கேள்வி, எந்த வீதியில கெளம்பறது? அதைப் பிள்ளைங்க கூட்டம் முடிவு பண்ணிருச்சு. நாலாவது பிள்ளைங்க டீச்சரோட சேந்து ஊர் வரைபடம் போட்டிருந்தாங்க. கோயில், டேங்கு, ரேசன் கடை, யார் வீட்டுல நாய் கடிக்கும்ங்கறது வரைக்கும் அதுல இருக்குது. அதுல வெரலை வெச்சு ஒரு புள்ளை சொல்லுச்சு: காலனிக் கடைசியில இருந்து ஆரம்பிச்சா ஒரு வீதி விடாம, போன வழியிலயே திரும்பாம, நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்தறலாம். கல்லு வட்டம் சுத்தி வந்துச்சு. யாரும் மறுக்கல.

பெரியவங்களுக்கு அது வெறும் வழிக் கணக்காப் படல. கோயில் நோம்பிக்கு யாரு எங்க நிக்கணும், தேர் எது வரைக்கும் போகும்னு நம்ம ஊர்ல ஒரு கணக்கு இருக்குதுல்லங்க. அதை மூடி மறைச்சு எழுதறதுல எனக்கு இஷ்டமில்ல. ரெண்டு ராத்திரி பேச்சு நடந்துச்சு. கடைசியில ஊர்ப் பெரியவரு ஒருத்தர் வரைபடத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, “இதுல கணக்குச் சரியாத்தான் இருக்குது”ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அதுக்கு மேல யாரும் பேசல. ஐயா, உங்களுக்கு எங்க பெரிய நன்றி.

அன்னைக்குத் தப்பட்டை அடிச்ச அண்ணன்மாருங்க கூலி வேண்டாம்னுட்டாங்க. அது சரியில்லைன்னு மேலாண்மைக் குழுவுல பேசி, வேலைக்குக் கூலியைக் கையில குடுத்தோம். அதுல பாதியை அவங்க திரும்ப மொய்யா எழுதிட்டாங்க, என்ன பண்றது! பீரோ, ரெண்டு மின்விசிறி, பாய், சில்வர் தட்டு, தாம்பாளத்துல பழம், நோட்டு எல்லாம் வீதி வீதியாச் சேந்துக்கிட்டே வந்துச்சு. திருப்பூர்ல பவர்டேபிள் தைக்கற பழைய மாணவி ஒருத்தர் பனியன் வேஸ்ட்டுல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை தெச்சுக் கொண்டாந்தாங்க. ஒரு பை மாதிரி இன்னொண்ணு இல்ல. காலை உணவு சமைக்கற மகளிர் குழு அக்காங்களும், சத்துணவு ஆயாவும் சேந்து ஊருக்கே அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினாங்க. ஒரே வரிசை, ஒரே பந்தி. அஞ்சாவது பிள்ளைங்க பரிமாறினாங்க. தினமும் ஒண்ணாவது பிள்ளைங்களுக்குப் பரிமாறற பழக்கம், அதனால கை நடுங்கல.

கதவைச் சாத்திக்கிட்ட வீடுகளும் இருந்துச்சு. அவங்க மேல எங்களுக்குக் கோவமில்ல. வழியை மறிக்கல, பிள்ளைங்களை நிறுத்தல, அதுவே நன்றிக்குச் சேரும். அதுல ஒரு வீட்டு ஆத்தா அடுத்த நாள் வெள்ளனப் பால் ஊத்தப் போற சாக்குல பள்ளிக்கூட வாசல்ல வேலிக்கு நடற கிளுவங் கொம்பு, அதான் கிளுவம் போத்து, ரெண்டு கட்டு போட்டுட்டுப் போனாங்க. சுத்துச்சுவருக்குப் பணம் வர்றப்ப வரட்டும், அதுவரைக்கும் கிளுவை வேலி போடலாம்னு நாங்க பேசினது எப்படியோ அவங்க காதுக்குப் போயிருக்குது. போத்தை நெழல்ல சாத்தி வெச்சிருக்கோம், மழை பாத்து நடுவோம். சீர் நோட்டுல அதையும் ஏத்திட்டமுங்க, தேதி மட்டும் ஒரு நாள் தள்ளி.

எனக்கு நன்றி சொல்ல வர்றவங்களுக்கு ஒண்ணு. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசி பெத்தவங்க, பாதிப் பேரு பொம்பளைங்க இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்லுது. களத்துல கொப்பரை தரம் பிரிக்கற நான் தலைவர் நாற்காலியில உக்காந்தது அப்படித்தான். கூட்டம் மாசா மாசம் நடக்குது. பாதி நாற்காலி காலியாத்தான் கெடக்குது. வந்து உக்காருங்க.

வரவு செலவு முழுசும் பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில ஒட்டியிருக்குது. சந்தேகம் இருந்தா நேர்லயே கேளுங்க. தூரிக்கு இந்த வருசம் புதுக் கயிறு வேணும், பழசு நைஞ்சு போச்சு.

சீர் அன்னைக்கு விட்டுட்டுப் போன சாமானெல்லாம் ஆபீஸ் ரூம்ல இருக்குது: தூக்குப்போசி ரெண்டு, மூடி ஒண்ணு. கறுப்புக் கொடை. மூக்குக் கண்ணாடிக் கூடு, உள்ள கண்ணாடி இல்ல. ஆம்பளை ரப்பர் செருப்பு ரெண்டு, ரெண்டுமே ஒட்டாங்கால். அப்ப ரெண்டு சோத்தாங்கால் செருப்பு யாரோட வீட்டு வாசல்லயோ கெடக்குதுங்க, பாத்துச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்
(மூணாவது படிக்கற ஒரு பிள்ளையோட அம்மா)