முதல் தரம் பொய்யாகத்தான் கை தூக்கினேன்

திருகோணமலை
கார்த்திகை, மழை நாள்

அன்புள்ள மகளுக்கு,

முந்தாநாள் இரவு ஃபோனில் நீ சொன்னதற்கெல்லாம் நான் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பாய். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகிய தொண்டை இது. மெதுவாகச் சொல்லவேண்டியதை ஃபோனில் சொல்ல வராது. இன்றைக்கு வாடைக் காற்று கடுமை, வெளியே போகவும் ஏலாது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

பல் காட்ட உன்னிடம் வந்த ஆறடி மனிதர், காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர், நீ ஊசியைக் கையில் எடுத்தவுடன் கதிரையிலிருந்து எழும்பி, மார்பில் கட்டிவிட்ட துணியோடேயே வெளியே போய்விட்டார் என்றாய். வரிசையில் இருந்த சனம் சிரித்தது என்றாய். நான் என்ன பிழை விட்டேன் அப்பா என்று கேட்டாய். நீ பிழை விட்டாயா என்பது எனக்குத் தெரியாது. அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்பது நன்றாகத் தெரியும்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. நீ பேராதனைக்குப் பல் வைத்தியம் படிக்கத் தெரிவானபோது சொந்தக்காரர் எல்லாரும் "கொஞ்சத்தில மெடிசின் தவறிட்டுதே" என்று கவலைப்பட்டார்கள். என் கவலை வேறு. பத்திரகாளி கோயிலில் உனக்காகத் தேங்காய் உடைத்துவிட்டு வரும் வழியில் நினைத்தேன்: உலகத்தில் இத்தனை வேலை இருக்க, என் பிள்ளை போயும் போயும் அந்தக் கதிரைக்குப் பக்கத்திலா நிற்கப் போகிறாள்?

1969ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. கீழ்க் கொடுப்புப் பல் சூத்தை குத்தி, கன்னம் தேசிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. உன் அப்பப்பா கூட்டிக்கொண்டு போனார். எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. அந்த மனிதர் இன்று உயிரோடும் இல்லை. விறைக்க ஊசி போட்டார். ஆனால் விறைக்கவில்லை. நோகுது என்றேன். "ஊசி போட்டாச்சு, நோகாது, நடிக்காத" என்றார். ஒருவர் தலையைப் பிடித்தார், ஒருவர் கையைப் பிடித்தார். பல் வந்துவிட்டது. பல் வந்த நோவு எனக்கு இப்போது நினைவில் இல்லை, உண்மையாகச் சொல்கிறேன். "நடிக்காத" என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு நாற்பத்தேழு வருடம் நான் எந்தப் பல் டொக்டரிடமும் போகவில்லை. கராம்பு, உப்புத் தண்ணீர், பனடோல். ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுவேன். அதை அம்மா பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பயம் என்று சொல்ல எனக்கு வெட்கம். மாரியில் கொட்டியாரக் குடாவைக் கடந்து சனம் ஏற்றுகிற லாஞ்ச் ஓட்டுகிறவன் ஊசிக்குப் பயப்படுகிறான் என்றால் மூதூர்ச் சனம் என் லாஞ்சில் ஏறுமா?

நீ மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ படிக்கும்போது லீவில் வந்து ஒரு தாளை நீட்டினாயே, நினைவிருக்கிறதா? ஐந்து கேள்வி. நாளைக்குப் பல் டொக்டரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே காத்திருக்கும்போது எப்படி இருக்கும், பல்லைத் துளைக்கும்போது, பல்லைச் சுத்தம் செய்யும்போது, முரசில் ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்று. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. மொத்தம் 25இல் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம் என்று சொன்னாய். எனக்கு 23. வகுப்பில் கூட நான் அவ்வளவு புள்ளி எடுத்ததில்லை. நீ சிரிப்பாய் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "எப்ப இருந்து அப்பா?" என்று கேட்டாய். அன்றைக்குத்தான் அந்தக் கதையை முதன்முதலாக ஒரு ஆளிடம் சொன்னேன்.

நீ அப்போது சொன்ன பதிலை நீ மறந்திருப்பாய். சீழ் கட்டிய இடத்தில் அமிலத் தன்மை கூட, விறைப்பு மருந்து அங்கே சரியாக ஏறாது, அதனால் ஊசி போட்டும் நொந்திருக்கும் என்றாய். ஏதோ பாடப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாங்காய் சாப்பிடப் போய்விட்டாய். நான் முற்றத்தில் கனநேரம் நின்றேன். நான் நடிக்கவில்லை மகள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அதற்கு ஒரு சாட்சி கிடைத்தது.

அடுத்த வருடமே மற்றப் பக்கம் வீங்கியது. இங்கே ஒரு இளம் சிங்கள டொக்டர் இருந்தார். அம்மா என்னை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள். அந்த டொக்டருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை இருக்கும். "நோகுதா", "கொஞ்சம் பொறுங்க", "முடிஞ்சுது", இப்படி. என் சிங்களமும் துறைமுகச் சிங்களம்தான். ஆனாலும் அவர் என்னைக் கதிரையில் சாய்க்க முதல், இருத்தி வைத்து, கண்ணுக்கு நேரே கண் பார்த்துக் கதைத்தார். முகமூடி போடாமல். முன்பு ஏதாவது மோசமாக நடந்ததா என்று கேட்டார். 1969 கதையை அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்! ஏதோ வருத்தம் எழுதுவது போல.

அப்புறம் சொன்னார், நொந்தால் இடது கையைத் தூக்குங்கள், நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் நிப்பாட்டுவேன் என்று. சரி என்றேன், நம்பவில்லை. அவர் வாய்க்குள் கண்ணாடியை விட்டவுடன் கையைத் தூக்கினேன். முதல் தரம் எனக்கு நோகவே இல்லை, பொய்யாகத்தான் தூக்கினேன். அவர் உடனே கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, கையைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஏன் என்று கேட்கவில்லை. முகம் சுழிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, நான் தலையாட்டின பிறகுதான் திரும்ப வந்தார். இரண்டாம் தரமும் பொய். மூன்றாம் தரம் தூக்கத் தேவை வரவில்லை.

உன்னுடைய சேனைக்காரருக்கும் இப்படி ஒரு கை இருந்திருந்தால் எழும்பி ஓடியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வேறு வழி இல்லாதவன்தான் ஓடுவான். ஆனால் ஒன்று. கையைத் தூக்கச் சொல்லிவிட்டு "இன்னும் கொஞ்சம்தான், பொறுங்கோ" என்று நீ வேலையைத் தொடர்ந்தாய் என்றால், சொல்லாமலே விட்டிருக்கலாம்.

அன்றைக்கு அவர் பல்லில் கை வைக்கவில்லை. சீழுக்கு வழி விட்டு, மருந்து தந்து, ஆறாம் நாள் வரச் சொன்னார். இரண்டாம் முறைதான் அந்த மிஷின் வந்தது. எனக்கு ஊசியை விடப் பயம் அந்தச் சத்தம். நான் காதால் எஞ்சின் பார்க்கிறவன் என்று உனக்குத் தெரியும். எந்த சிலிண்டர் சரியில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தக் கீச்சுச் சத்தம் என்ன என்று விளங்காமல் கிடப்பதுதான் என்னால் தாங்க ஏலாமல் இருந்தது. கையைத் தூக்கி, "டொக்டர், இது எத்தனை சுற்று?" என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு சிரித்தார். மிஷினை என் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். உள்ளே மின்மோட்டார் இல்லை, காற்றால் சுற்றுகிற சின்ன டர்பைன். நிமிடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் சுற்று! என் எஞ்சின் ஆயுளில் இரண்டாயிரத்தைத் தாண்டினதில்லை. சூடு ஏறாமல் இருக்க நுனியில் தண்ணீர் பீச்சுகிறது. என் நகத்தில் தண்ணீரை மட்டும் அடித்துக் காட்டினார். பிறகு சொன்னார், பல்லில் பட்டதும் சத்தம் இறங்கும், பயப்படவேண்டாம், பாரம் ஏறுகிறது அவ்வளவுதான் என்று. பாரம் ஏறினால் எஞ்சின் சத்தம் இறங்கும் என்று எனக்கா சொல்லவேண்டும்! அதற்குப் பிறகு நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். இப்போது பல்லில் இருக்கிறார், இப்போது எடுத்துவிட்டார் என்று. நித்திரை கூட வரப் பார்த்தது.

எல்லாருக்கும் டர்பைன் காட்டு என்று சொல்லவில்லை. சிலருக்கு அதைப் பார்த்தாலே மயக்கம் வரும். காட்டவா வேண்டாமா என்று கேட்டுவிட்டுக் காட்டு.

ஊசியும் அப்படித்தான் போட்டார். முதலில் முரசைப் பஞ்சால் துடைத்து, ஒரு களி போன்ற மருந்தைப் பூசி, இரண்டு நிமிடம் சும்மா நின்றார். பிறகு மிக மெதுவாக. "இதில கொஞ்சம் அட்ரினலின் இருக்கு, நெஞ்சு படபடக்கும், கொஞ்ச நேரத்தில போயிடும்" என்றார். சொன்னது போலவே படபடத்தது. சொல்லாமல் விட்டிருந்தால் நெஞ்சு வருத்தம் என்று நினைத்து நானும் துணியோடு ஓடியிருப்பேன். இன்னொன்றும் சொன்னார்: நோகாது, ஆனால் அமத்துவது தெரியும். இந்த இரண்டும் வேறு என்று 1969இல் யாராவது சொல்லியிருக்கலாம்.

லாஞ்சிலும் இதேதான் பிள்ளை. மூதூருக்குப் பாலங்கள் வர முன்னம், மாரியில் அந்த ஒரு மணித்தியாலம் பயந்த சனம் நிறைய வரும். குடா வாசலில் வங்கக் கடல் அலை பக்கவாட்டில் வந்து தூக்கும். என்னோடு நின்ற பெடியன் ஒருவன் எல்லாரிடமும் "ஒண்டும் இல்ல, ஒண்டும் இல்ல" என்பான். முதல் ஆட்டத்தோடு அவன் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். நான் பயந்தவர்களை ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் இருத்தி, "அக்கா, இன்னும் கொஞ்சத்தில ஏழெட்டு ஆட்டம் ஆட்டும், எண்ணிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போவேன். எண்ணுகிறவர்கள் சத்தி எடுப்பது குறைவு. ஏன் என்று தெரியாது, கண்டது அதுதான். நீயும் "பத்து எண்ணுகிற நேரம்" என்று சொல். ஆனால் பத்தில் நிப்பாட்டு.

பெரியம்மாவை யோசித்துப் பார். அவவுக்கு நோவுக்குப் பயமில்லை, ஆறு பிள்ளை பெற்றவ. வெற்றிலைக் கறை வாயை ஒரு படித்த பிள்ளைக்கு முன்னால் திறக்க வெட்கம். ஒருதரம் போன இடத்தில் "இதென்ன வாய்?" என்று கேட்டார்களாம். அதோடு நின்றுவிட்டா. வெற்றிலையால் வாயில் புற்றுநோய் வருவதை நீ சொல்லத்தான் வேண்டும். வாயைத் திறந்த முதல் நிமிடத்திலேயே சொல்லாதே.

விரதகாரரையும் கேட்டுக்கொள். கந்தசஷ்டி, வெள்ளிக்கிழமை, நோன்பு மாதம் என்று வெறும் வயிற்றோடு வந்து விழுகிறவர்கள் உண்டு. உன் பக்கத்தில் போயா தினத்தில், பௌர்ணமியில், சில் என்ற பௌத்த விரதம் எடுக்கிறவர்களும் இருப்பார்கள். லாஞ்சில் மயங்கினவர்களைப் படுக்கவைத்து, கால்களை அரிசி மூட்டை மேல் தூக்கி வைப்போம். நீயும் கதிரையைச் சாய்த்து அதையேதான் செய்கிறாய் என்று சொன்னாய்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குப் பேச வாய் இல்லை. நீ சோறு தின்னாமல் அடம் பிடித்தபோது "டொக்டரிட்ட கொண்டுபோய் ஊசி போடுவன்" என்று வெருட்டினவன் நான்தான். அந்த டொக்டராக நீயே வந்து நிற்கிறாய்.

நேரம் இல்லை, வெளியே வரிசை நிற்கிறது என்பாய். தெரியும். எனக்கும் லாஞ்சுக்கு நேர அட்டவணை இருந்தது. ஆனால் அந்த மனிதர் எழும்பி ஓடின பிறகு, அவரைத் தேடி ஆள் அனுப்பி, கதை அடங்கி, நீ கண்ணைத் துடைத்து அடுத்தவரைக் கூப்பிட எவ்வளவு நேரம் போனது? பேச்சால் தீராத பயமும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்துச் செய்கிற இடத்துக்கு அனுப்புவது உன் படிப்பு. பல் டொக்டர் ஹொரஸ் வெல்ஸ் 1844இல் சிரிப்பு வாயுவை முதலில் தன்மேல் சோதித்து, தன் பல்லையே பிடுங்குவித்தார் என்று நீதானே சொன்னாய்? நீ பல்லைப் பிடுங்க வேண்டாம். ஒருநாள் பின்னேரம் எல்லாரும் போன பிறகு உன் கதிரையில் நீயே மல்லாந்து படுத்து, லைட்டை முகத்துக்கு நேரே இழுத்து, நேர்ஸ் பிள்ளையைக் குனிந்து பார்க்கச் சொல். தலைகீழாகத் தெரிகிற முகம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது.

அந்த மனிதர் திரும்பி வருவார். பல் நோவு விடாது. வந்தால் அன்றைக்கு ஒன்றும் செய்யாதே. "ரிதெனவாத", நோகுதா என்று கேட்கிற உன்னுடைய பேராதனைச் சிங்களம், அவருக்கு அது போதும். வரிசையில் முதல் ஆளாகக் கூப்பிடு, மற்றவர்களுடைய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டாம். கதவையும் சாத்து, வெளியே இருந்து தட்டும் கத்திரியும் தெரிகிற மாதிரிக் கதவைத் திறந்து வைப்பது எந்த மடையனுடைய யோசனையோ. துணியைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள், அதைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

அம்மா நெத்தலிக் கருவாடு பொரித்து போத்தலில் அடைத்திருக்கிறாள். அம்பாறை வரை போகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறோம். கோட்டைக்குள் மான்கள் மழைக்கு ரோட்டில் வந்து படுத்துக் கிடக்கின்றன, கோணேசர் கோயிலுக்குப் போன அம்மாவின் ஆட்டோ கால் மணித்தியாலம் நின்றதாம்.

வியாழக்கிழமை எனக்குப் பல் சுத்தம் செய்கிற நாள். அந்த டொக்டர் குருநாகலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்திருக்கிறா. உன் வயதுதான் இருக்கும். அவவிடமும் முதல் தரம் பொய்யாகக் கை தூக்கிப் பார்ப்பேன்.

அன்புடன்
அப்பா