அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது

அன்பு மகளுக்கு,

கைப்பிரதி வந்து சேர்ந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டு, மறுபடியும் பென்சிலோடு உட்கார்ந்தேன். தோழிகள் இருவரும் பள்ளி மாடிப்படியில் சண்டை போடும் பகுதி அருமை. இளையோருக்கான நாவல் எழுத உனக்குக் கை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தெம்பில்தான் மற்றதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உன் கதையில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு லுக்கீமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், வருகிறது. அதனால் அவள் அப்பாவின் கோபம் அடங்குகிறது. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த பெரியப்பா குடும்பம் வந்து சேர்ந்துகொள்கிறது. தோழி மன்னிக்கக் கற்றுக்கொள்கிறாள். எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கிறது. அவளுக்கு மட்டும் எதுவுமே வேண்டாம். எல்லாரையும் தேற்றிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் புன்னகையோடு இறந்துபோகிறாள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் புற்றுநோய் வார்டுக்குள் பள்ளிப்பாடம் நடத்தியவன். அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை, அம்மா.

நான் பார்த்த பிள்ளைகளுக்கு நிறைய வேண்டியிருந்தது. வகுப்புத் தோழிகள் தன்னை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார்கள் என்று ஒரு பெண் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அன்றைக்கு அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாகவே வந்திருந்தது, அது அவள் காதிலேயே ஏறவில்லை. டாக்டர்கள் கூட்டமாக வந்து, கேட்காமல் போர்வையை விலக்குகிறார்கள் என்று ஒரு பையனுக்கு அப்படி ஒரு ஆத்திரம். இன்னொருவன் கடைசி வாரம்வரை இயற்கணிதம் சொல்லித்தரச் சொன்னான். தேறப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்கு அந்தக் கணக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதற்குமேல் அதில் ஒரு அர்த்தம் தேடிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. நீயும் உன் பெண்ணின் ஆசைகளுக்கு அர்த்தம் ஏற்றாதே. அவளுக்கு ஒரு பிடிவாதம், ஒரு பொறாமை, யாரிடமும் சொல்லாத ஒரு ஆசை இருக்கட்டும். அவை நோய் வருவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும். நோய் அவற்றின் குறுக்கே வந்து நிற்கட்டும். கதை அங்கேதான் பிறக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இனி மருத்துவ விஷயங்களுக்கு வருகிறேன். முதல் கீமோ ஏறிய மறுநாள் காலையில் அவள் தலைமுடி கொத்தாகக் கையோடு வருவதாக எழுதியிருக்கிறாய். அப்படி நடக்காது. பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். உன் கதைக்கு அதுதான் நல்லதும்கூட. முடி போகப்போகிறது என்று தெரிந்துகொண்டு, போகாத முடியை ஒவ்வொரு நாளும் சீவும் ஒரு பெண் உனக்குக் கிடைக்கிறாள். அப்புறம் போவது தலைமுடி மட்டும் இல்லை. புருவமும் இமைமுடியும் போகலாம். கண்ணாடியில் தன் முகம் யாரோ மாதிரி தெரிகிறது என்று பிள்ளைகள் சொன்னது பெரும்பாலும் புருவம் போன பிறகுதான்.

அவளை எலும்பும் தோலுமாக வர்ணித்திருக்கிறாய். லுக்கீமியா சிகிச்சையின் முதல் மாதத்தில் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது பிசாசுப் பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், முகத்தை நிலா மாதிரி உப்ப வைக்கும். மனநிலை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பாடு கேட்டு அழுவாள், கொடுத்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். காலையில் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், “பரவாயில்லையே, நல்லா பூசினாப்பல இருக்கியே” என்பார்கள். பதினைந்து வயதில் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். உன் நாவலில் இப்போது இருக்கும் மூன்று அழுகைக் காட்சிகளையும் எடுத்துவிட்டு இந்த ஒன்றை வைக்கலாம்.

இந்த மாதிரிச் சின்ன உண்மைகள் இன்னும் இருக்கின்றன. மருந்து ஏற்றும் குழாயைச் சுத்தம் செய்ய உப்புநீர் செலுத்தும்போது, வாயில் எதுவும் வைக்காமலேயே பலருக்கு நாக்கில் ஒரு சுவை தட்டும். டாக்ஸோரூபிசின் என்ற மருந்து செக்கச்செவேல் என்று இருக்கும், அது ஏறிய பிறகு சிறுநீரும் கொஞ்ச நேரம் சிவப்பாகப் போகலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளை ரத்தம் என்று நினைத்துப் பயந்துபோகும். வின்கிறிஸ்டின் என்ற இன்னொரு மருந்து நரம்பைத் தொடும். தாடை வலிக்கும், மலச்சிக்கல் வரும், சிலருக்குப் பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் படியில் தடுக்கும். நோய் மூளைப் பக்கம் ஒளிந்துகொள்ளாமல் இருக்க, உடம்பைச் சுருட்டிப் படுக்கவைத்து முதுகுத்தண்டு வழியாகவும் மருந்து செலுத்துவார்கள். வார்டில் எல்லார் வாயிலும் இருக்கும் வார்த்தை ‘கவுண்ட்’, அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை. “கவுண்ட் வந்துச்சா?”, “கவுண்ட் எறங்கிருச்சு” என்பார்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அவசரம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தோழியின் பிறந்தநாள் அன்று சாயங்காலம் உடம்பு சுடுகிறது, உன் பெண் தெர்மாமீட்டரை ஒளித்து வைக்கிறாள் என்று வைத்துக்கொள். அந்த ஒரு அத்தியாயத்தை வாசிக்கிறவர்கள் நடுவில் கீழே வைக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் பட்டியலாகப் போட்டு நிரப்பிவிடாதே. அவள் கவனிப்பதை மட்டும் எழுது. மருந்தின் அளவுகளைத் தவிர்த்துவிடு. கதையில் அதற்கு வேலை இல்லை.

காலக்கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் கதையின் சட்டகமே அதில் ஆடிப்போகிறது. பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் லுக்கீமியா வகையில், பெரும்பாலானவர்களுக்கு முதல் நான்கு வாரச் சிகிச்சை முடியும்போதே நுண்ணோக்கியில் புற்றணுக்கள் தெரியாமல் போய்விடும். அதோடு முடிந்தது என்று நினைப்போம். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருப்பவை திரும்ப வரும் என்பதால், சிகிச்சை மொத்தம் இரண்டு முதல் மூன்று வருஷம்வரை போகும். பிற்பகுதியில் பிள்ளை வீட்டில்தான் இருப்பாள். முடி வளர்ந்துவிடும், பள்ளிக்குக்கூடப் போவாள். தினமும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்று மாத்திரை மட்டும் தொடரும். பார்ப்பவர்களுக்கு அவள் குணமாகிவிட்டவள். அவளுக்கோ எந்தப் பக்கமும் சேராத நிலை. நீ இந்தப் பகுதியை “மாதங்கள் உருண்டோடின” என்று ஒரு வரியில் தாண்டிவிட்டாய்.

இளம்பருவத்தினர் மாத்திரையைத் தவறவிடுவது எங்கேயும் நடப்பது. நோய்தான் போய்விட்டதே, எதற்கு இது என்ற எண்ணம். அம்மா நீட்டுவதை வாங்கி வாயில் போடுகிற மாதிரி போட்டுவிட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வது. தன் உடம்பின்மேல் தனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் அதுதான் என்று அந்த வயதில் தோன்றும். எனக்கு அது நன்றாகப் புரிகிறது. ஆனால் மெர்காப்டோபியூரினைத் தர வேண்டிய நாட்களில் 95 சதவீதத்துக்கும் குறைவாக எடுத்துக்கொண்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். உன் பெண் பத்தாவது அத்தியாயத்தில் மாத்திரைகளை ஜன்னல் வழியாக வீசுகிறாள். அது அவளுடைய விடுதலை என்பதுபோல் எழுதியிருக்கிறாய், பின்னால் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வீசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் விளைவும் கதைக்குள் வர வேண்டும். ஏனென்றால், உன் புத்தகத்தை மாத்திரை டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கப்போகிற ஒரு பிள்ளை எங்கேயோ இருக்கிறாள்.

எனக்கு அவள்தான் முக்கியம். இப்படிக் கதைகளை யாராவது அன்போடு வார்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிள்ளைகள் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவள் பிழைக்கிறாளா என்று பார்ப்பார்கள். இல்லை என்றால் சிலர் மூடி வைத்துவிடுவார்கள், சிலர் அதற்காகவே படிப்பார்கள். எந்த வகையானாலும், பொய்யை அவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆரோக்கியமாக இருக்கும் வாசகர்கள் அழ வேண்டும் என்பதற்காக எழுதப்பட்ட பக்கம் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

அவள் இறக்காவிட்டால் கதை சப்பென்று போய்விடும் என்று எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். ஒரு காலத்தில் இந்த நோய் என்றால் சில வாரங்களோ சில மாதங்களோதான். 1947-48-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 16 பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது, கொஞ்ச காலத்துக்குத்தான். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். உன் பெண் வாரம்தோறும் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் அதே குடும்பத்து மருந்து. இன்றைக்கு வசதி மிக்க நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் கீழே. மருந்து அதேதான். நோயைக் கண்டுபிடிக்கத் தாமதம், பாதியில் நின்றுபோகும் சிகிச்சை, கிடைக்காத மருந்து, இவைதான் வித்தியாசம். ஆகவே உன் பெண் இறக்கிறாள் என்றால் ஏன் இறக்கிறாள் என்று நீ முடிவு செய்தாக வேண்டும். நோய் திரும்பியதா? தொற்றா? பணம் தீர்ந்ததா? இப்போது அவள் முந்நூறு பக்கம் ஆகிவிட்டதால் இறக்கிறாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

பிழைத்தாலும் கதை இருக்கிறது. சிகிச்சை முடிந்த நாளில் வார்டே கைதட்டும். அன்று ராத்திரி பல வீடுகளில் தூக்கம் இருக்காது. இத்தனை நாள் மருந்து காவல் இருந்தது, இனி எதுவும் இல்லையே என்ற பயம். பள்ளியில் ஒரு வகுப்பு பின்தங்கி, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வேண்டும். காலில் நீலமாகக் கன்றிய ஒரு தடம் தெரிந்தால், நோய் திரும்பிவிட்டதோ என்று அம்மாவின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

அவளிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை, கடைசிவரை அவளுக்குத் தெரியாது என்பதும் நம்பும்படியாக இல்லை. 1970-களில் மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஒரு லுக்கீமியா வார்டில் பிள்ளைகளோடு இருந்து கவனித்தார். பெரும்பாலும் பத்து வயதுக்குக் கீழானவர்கள். யாரும் சொல்லாமலேயே தாங்கள் இறக்கப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்பதைப் பெற்றோரிடம் காட்டிக்கொள்ளாமலும் இருந்தார்கள். பெரியவர்கள் நடிக்கிறார்கள் என்று புரிந்து, அவர்களுக்காகத் தாங்களும் நடித்தார்கள். அத்தனை சின்னப் பிள்ளைகளுக்கே தெரிந்தது, கையில் செல்போன் வைத்திருக்கும் பதினைந்து வயதுக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? அவளுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ரெண்டு பேரும் அடுத்த வருஷத்துப் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடுகிறார்கள் என்று எழுதிப் பார். அவர்கள் வாயிலிருந்து ஒரு தத்துவமும் வரவேண்டாம்.

கடைசியாகத் தம்பி. உன் கதையில் அவன் ரெண்டே இடத்தில் வருகிறான், ரெண்டிலும் அழுகிறான். நோய் திரும்பி எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்று வந்தால், கூடப்பிறந்த ஒருவருடையது முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்தாமல் போன தம்பியின் மனசு என்ன பாடுபடும்? பொருந்திவிட்டால், வேண்டாம் என்று சொல்லத் தோன்றியும் சொல்ல முடியாதவன் எப்படி நடந்துகொள்வான்? பல மாதமாக அவன் பரீட்சையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள். வார்டு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் தம்பி தங்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியிலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். நோட்டுப் புத்தகத்தோடு எந்த வார்டுக்கும் போகாதே. அங்கே இருப்பவர்கள் உன் கதைக்காகப் படுத்திருக்கவில்லை. சிகிச்சை முடித்து இப்போது பெரியவர்களாகிவிட்டவர்களில், பேச விருப்பம் உள்ள ஒருவரிடம் அடுத்த பிரதியைக் கொடு. அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடு. எந்தப் பக்கத்தில் கோபம் வந்தது என்று மட்டும் கேள். அந்தப் பக்கத்தை வாதாடாமல் மாற்று.

தம்பி வரும் அத்தியாயத்தை முதலில் எழுது, மற்றதைப் பிறகு பார்க்கலாம். அனுப்பும்போது, அவளுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்தாய் என்பதை மேலே ஒரு வரி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா